சக்கரத்துக்கு ஒரு சட்டம், கூரைக்கு ஒரு சட்டம்
(நுகர்வோர் சட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நுகர்வோர் சட்டத்தைப் பற்றிப் பேச வந்தவர் அமெரிக்காவின் ஆர்வி வண்டிகளை ஏன் தலைப்பாக எடுத்துக்கொண்டார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மிக்ஸியில் பழுது வந்தால் வேறு மிக்ஸி வாங்கிக்கொள்கிறோம். கடைக்காரர் மாற்றித் தராவிட்டால் திட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். ஒரு குடும்பம் தன் சேமிப்பையும் எதிர்கால வருமானத்தையும் சேர்த்துக் கொட்டி வாங்குகிற பொருள் பழுதானால் சட்டம் என்ன செய்கிறது? அந்த இடத்தில்தான் நுகர்வோர் சட்டத்தின் உண்மையான உறுதி தெரியும். ஆர்வி அப்படிப்பட்ட பொருள். எல்லாவற்றுக்கும் சட்டம் வைத்திருக்கும் ஒரு நாட்டில் அதை வாங்கியவர்கள் எப்படிக் கைவிடப்படுகிறார்கள் என்பதைப் பார்த்தால், சட்டம் எழுதுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது விளங்கும்.

ஆர்வி என்பது படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு கூடிய வண்டி. தானே ஓடுவது மோட்டார் ஹோம். காரோ பிக்கப்போ இழுத்துச் செல்வது ட்ராவல் ட்ரெய்லர். பிக்கப்பின் பின்தட்டில் பூட்டி இழுக்கும் பெரிய வகைக்கு ஃபிஃப்த் வீல் என்று பெயர். சிறிய ட்ரெய்லர் சில பத்தாயிரம் டாலருக்குக் கிடைக்கும். பெரிய டீசல் மோட்டார் ஹோம் பல லட்சம் டாலர் ஆகும். வாங்குகிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள் கணிசம். வீட்டை விற்றுவிட்டு இதிலேயே வாழக் கிளம்புகிறவர்களும் உண்டு.

அமெரிக்க ஆர்விகளில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தியானா மாநிலத்தில்தான் உருவாகின்றன. அதிலும் பெரும்பகுதி எல்கார்ட் நகரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தது. ஒரு காலத்தில் பேண்டு வாத்தியக் கருவிகளுக்குப் பேர்போன ஊர் அது. இன்று தோர், ஃபாரஸ்ட் ரிவர், வின்னபேகோ என்ற மூன்று பெரிய குழுமங்களின் கையில்தான் இந்தத் தொழிலில் பெரும்பகுதி இருக்கிறது. தோரின் தலைமையகமே எல்கார்ட்தான். ஃபாரஸ்ட் ரிவரை வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே 2005இல் வாங்கியது. கொரோனா காலத்தில் விமானமும் விடுதியும் வேண்டாம் என்று மக்கள் ஆர்விகளின் பக்கம் திரும்பினார்கள். 2021இல் மட்டும் 6,00,240 வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. அது வரலாறு காணாத எண்ணிக்கை. இரண்டே ஆண்டில், 2023இல், அது 3,13,174 ஆகச் சரிந்தது. அவசரத்தில் செய்த வண்டிகள் வாங்கியவர்களின் வாசலில் நின்றன.

எல்கார்ட் தொழிற்சாலைகளில் ரோபோக்கள் வரிசையாக நிற்பதில்லை. வேலை பெரும்பாலும் மனிதக் கைகளால் நடக்கிறது. பல இடங்களில் கூலி வண்டிக் கணக்கில். அன்றைய எண்ணிக்கை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். தொழிலாளரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வேகத்துக்குக் கூலி கொடுத்தால் வேகம்தான் கிடைக்கும். அதன் விளைவு கூரையின் ஓரங்களில் தெரிகிறது. சீலண்ட் சரியாகப் படாத ஒரு மூலையில் மழைநீர் இறங்கும். சுவர் என்பது ஃபைபர் கிளாஸ் தகடு, மெல்லிய ஒட்டுப்பலகை, நடுவில் நுரை மூன்றையும் பசையால் ஒட்டியது. தண்ணீர் உள்ளே போனால் பசை விடும், தகடு உப்பும், பலகை உளுக்கும். ஆர்விக்காரர்கள் இதை டீலாமினேஷன் என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும். வண்டியின் பக்கச்சுவர் வெளியே நீண்டு அறையைப் பெரிதாக்கும் ஸ்லைட் அவுட் பாதியில் சிக்கிக்கொள்வது, சமையல் எரிவாயுக் குழாய் கசிவது, எடையைத் தாங்காத அச்சும் டயரும் என்று பட்டியல் நீளும்.

பழுதை யார் சரிசெய்வது என்று கேட்டால் சிக்கல் தொடங்குகிறது. சேஸி ஃபோர்டுடையது அல்லது ஃப்ரைட்லைனருடையது. இன்ஜின் கம்மின்ஸ். ஜெனரேட்டர் ஓனான். ஃப்ரிட்ஜ் டொமெட்டிக் அல்லது நார்கோல்ட். ஸ்லைட் அவுட் இயந்திரம் பெரும்பாலும் லிப்பர்ட். ஒவ்வொன்றுக்கும் தனி வாரண்டி அட்டை, தனி நிபந்தனை. முகப்பில் பெயர் பொறித்து விற்கும் கம்பெனி, தான் செய்த கூடுக்கு மட்டும் பொறுப்பேற்கும். கூரை ஒழுகுகிறது என்று கொத்தனாரைக் கூப்பிட்டால் அவர் ஆசாரியைக் காட்டுவதும், ஆசாரி ஓடு விற்றவரைக் காட்டுவதும் நமக்குப் புதிதல்ல. இங்கே அதையே அச்சடித்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

அமெரிக்கச் சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வரலாறு நல்ல வரலாறுதான். 1955 மே மாதம் நியூ ஜெர்சியில் ஒருவர் தன் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாகப் புதிய பிளிமத் கார் வாங்கினார். பத்தே நாளில் ஸ்டியரிங் கைவிட்டு, கார் சுவரில் மோதியது. கார் அப்போது 468 மைல்தான் ஓடியிருந்தது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில், பழுதான பாகத்தை மாற்றித் தருவதைத் தவிர வேறு பொறுப்பு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. 1960இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சிறிய எழுத்தைச் செல்லாது என்று ஒதுக்கியது. எல்லாக் கார் கம்பெனிகளும் ஒரே படிவத்தை நீட்டும்போது வாங்குகிறவருக்குத் தேர்வு என்று எதுவும் இல்லை என்பதை அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகச் சொன்னது. சட்ட மாணவர்கள் அதை முழுதாகத் தேடி வாசிக்க வேண்டும்.

அடுத்து 1975இல் வந்தது மேக்னுசன் – மாஸ் வாரண்டிச் சட்டம். செனட்டர் வாரன் மேக்னுசன், காங்கிரஸ் உறுப்பினர் ஜான் மாஸ் இருவரின் பெயரால் வழங்கும் கூட்டாட்சிச் சட்டம் அது. எழுத்தில் வாரண்டி கொடுத்த கம்பெனி, பொருள் அதன் பயனுக்குத் தகுந்ததாக இருக்கும் என்று சட்டம் தானாகவே சேர்த்துக்கொள்ளும் உத்தரவாதத்தை மறுக்க முடியாது என்றது. வழக்கில் வென்றால் வாங்கியவரின் வக்கீல் கட்டணத்தையும் கம்பெனியே கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது விதி மிகப் பெரியது. அது இல்லாவிட்டால் ஒழுகும் ட்ரெய்லருக்காக எந்த வக்கீலும் கோப்பைத் திறக்க மாட்டார். சட்டம் வாரண்டியை முழுமையானது, வரையறுக்கப்பட்டது என்று இரண்டாகப் பிரித்தது. முழுமையானது என்று பெயரிட்டால், நியாயமான எண்ணிக்கையில் முயன்றும் பழுது தீராதபோது பணத்தைத் திருப்பவோ வேறு பொருள் தரவோ வேண்டும். ஆர்வித் தொழில் பிடித்துக்கொண்டது வரையறுக்கப்பட்டதை. வழக்கமாக ஓராண்டு வாரண்டி. கட்டமைப்புக்குச் சில கம்பெனிகள் இரண்டு, மூன்று ஆண்டு தருகின்றன. வண்டிக்கு வாங்கிய கடனோ 15 ஆண்டு, 20 ஆண்டு ஓடும். வாரண்டி முடிந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் உளுத்த சுவருக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

1982இல் கனெக்டிகட் மாநிலம் முதல் லெமன் சட்டத்தை, அதாவது பழுது தீராத வண்டிக்கான சட்டத்தை, இயற்றியது. ஜான் உட்காக் என்ற சட்டமன்ற உறுப்பினர் முன்னின்று கொண்டுவந்தது அது. அதே ஆண்டு கலிபோர்னியாவும் தன் பழைய நுகர்வோர் வாரண்டிச் சட்டமான சாங் – பெவர்லி சட்டத்தோடு டேனர் சட்டத்தைச் சேர்த்தது. பிறகு எல்லா மாநிலங்களும் பின்தொடர்ந்தன. சாரம் எளிமையானது. குறித்த காலத்துக்குள் ஒரே பழுதை இத்தனை முறை சரிசெய்ய முயன்றும் தீரவில்லை என்றால், அல்லது வண்டி இத்தனை நாள் பட்டறையிலேயே கிடந்தது என்றால், கம்பெனி பணத்தைத் திருப்ப வேண்டும் அல்லது மாற்று வண்டி தர வேண்டும். கலிபோர்னியாவின் கணக்கில் 18 மாதம் அல்லது 18,000 மைல். பொதுவான பழுதுக்கு நான்கு முயற்சி, உயிருக்கு ஆபத்தான பழுதுக்கு இரண்டு, பட்டறையில் 30 நாள். வேண்டுமென்றே கடமை தவறிய கம்பெனிக்கு இழப்பின் இரு மடங்கு வரை கூடுதல் தண்டமும் உண்டு. கார் வாங்கியவர்களுக்கு இந்தச் சட்டம் பெரும் துணையாக நின்றது.

ஆர்வி வாங்கியவர் இதே கதவைத் தட்டும்போது என்ன நடக்கிறது? கலிபோர்னியாவின் விளக்கப்படி, மோட்டார் ஹோமில் சேஸியும் ஓட்டத்துக்கான பகுதியும்தான் 'புதிய மோட்டார் வாகனம்'. மனிதர் வசிக்கும் பகுதி அதில் சேராது. அதற்குப் பொதுவான நுகர்பொருள் பிரிவு மட்டுமே உண்டு. அதிலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் 18 மாதம், நான்கு முயற்சி என்று வாங்கியவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும் அனுமானம் அங்கே கிடைக்காது. ஃப்ளோரிடா இன்னும் விரிவாகப் பட்டியல் போட்டு விலக்குகிறது: தரை, குழாய்கள், கூரை ஏசி, ஹீட்டர், ஜெனரேட்டர், வண்டி ஓட்டத்துக்குரியவை தவிர்த்த மின்சுற்றுகள், பக்கவாட்டு நுழைவுக் கதவு, வெளிப்புறச் சாமான் பெட்டிகள், முன்கண்ணாடியும் முன்னிருக்கை ஜன்னல்களும் தவிர்த்த மற்ற எல்லா ஜன்னல்களும். ஆர்வியில் எவை அதிகம் கெடுமோ அவையெல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. வண்டி பட்டறையில் கிடக்க வேண்டிய நாள் காருக்கு 30 என்றால் ஆர்விக்கு 60. டெக்சாஸ் பரவாயில்லை. இழுத்துச் செல்லும் ட்ரெய்லரையும் சேர்த்துக்கொண்டு, மாநில மோட்டார் வாகனத் துறையிடமே 35 டாலர் கட்டி முறையிட வழி வைத்திருக்கிறது.

இந்தியானாவுக்கு வருகிறேன். நாட்டின் ஆர்விகளில் பெரும்பகுதியைச் செய்கிற மாநிலத்தின் லெமன் சட்டம் மோட்டார் வாகனம் என்பதற்குத் தரும் விளக்கத்தில், டிராக்டர், மோட்டார் சைக்கிள், பனிவண்டி இவற்றோடு மோட்டார் ஹோமையும் வெளியே நிறுத்துகிறது. இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. ஊருக்குச் சோறு போடும் தொழிலைச் சட்டமன்றம் தொடத் தயங்கியது. வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஓரிகானிலோ அரிசோனாவிலோ வாங்கியவருக்கு இந்தியானாவின் சட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். வாரண்டிக் கையேட்டைத் திறந்தால் காரணம் தெரியும். பல கம்பெனிகளின் கையேட்டில், எந்தத் தகராறும் இந்தியானா சட்டப்படி, இந்தியானா நீதிமன்றத்தில் மட்டுமே என்று இருக்கும். ஜூரி விசாரணை வேண்டாம் என்று ஒப்புக்கொள்ளும் வரியும், வழக்குப் போடும் காலத்தைச் சுருக்கும் வரியும் இருக்கும். விடுதிச் செலவு, கெட்டுப்போன பயணம், தொழிற்சாலை வரை ஓட்டிப்போன எரிபொருள் எதற்கும் பொறுப்பில்லை என்ற வரியும் தவறாமல் இருக்கும். நிரந்தரமாக இதில் வசித்தால் வாரண்டி கிடையாது என்பது இன்னொரு வரி. வீட்டை விற்றுவிட்டு வருகிறவர்களைப் படம் பிடித்து விளம்பரம் செய்யும் தொழிலில் இப்படி ஒரு வரி இருப்பது எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. இதைச் சொல்ல நான் தயங்கவில்லை.

இந்தியானாவுக்குப் போனவர்களின் கதையை ஏழாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2019 தீர்ப்பு காட்டும். ரெவ் நிறுவனத்தின் ஆர்வி ஒன்றை வாங்கிய தம்பதி தொடர்ந்த வழக்கு அது. வண்டியில் பழுதுகள் இருந்ததில் சந்தேகம் இல்லை. ஆனால் வாரண்டி கேட்டபடி, சரிசெய்யக் கம்பெனிக்கு நியாயமான வாய்ப்பை அவர்கள் தரவில்லை என்று வழக்கு தோற்றது. சட்டப்படி அந்தத் தீர்ப்பைத் தவறு என்று சொல்லமாட்டேன். நடைமுறையை யோசிக்க வேண்டும். பட்டறைக்கு முறை கிடைக்க வாரக்கணக்கில் ஆகும், உதிரிபாகம் வர மாதக்கணக்கில் ஆகும். விடுமுறைக் காலம் முழுவதும் டீலரின் முற்றத்திலேயே வண்டி நிற்கும். பொறுமை இழந்து வேறு இடத்தில் சரிசெய்துகொண்டவர், தன் வழக்கைத் தானே பலவீனமாக்கிக்கொள்கிறார்.

எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பும் வந்திருக்கிறது. 2024இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, தோர் மோட்டார் கோச்சின் இந்தியானா நிபந்தனையை ஏற்க மறுத்தது. சாங் – பெவர்லி சட்டம் தரும் உரிமைகளை வாங்கியவர் தானே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது. அவற்றைப் பறிக்கும் ஒப்பந்தம் பொதுநலனுக்கு விரோதமானது. இந்தியானாவில் நடந்தாலும் கலிபோர்னியா சட்டத்தையே கடைப்பிடிக்க ஒப்புக்கொள்கிறோம் என்று வழக்கு வந்த பிறகு கம்பெனி முன்வந்ததும் போதாது என்றது நீதிமன்றம். அப்படி விட்டுவிட்டால் எல்லாக் கம்பெனிகளும் சட்டவிரோத வரியை அச்சடித்துக்கொண்டே போகும். வழக்கு போடத் துணிந்தவரிடம் மட்டும் பின்வாங்கும். துணியாதவர்கள் அந்த வரியை நம்பி வாயை மூடிக்கொள்வார்கள்.

வீடு, வண்டி என்று சட்டம் பிரிக்கும் இந்தப் பிளவு பணத்தோடு முடிவதில்லை. 2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு ஃபீமா என்ற பேரிடர் நிர்வாக அமைப்பு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ட்ரெய்லர்களையும் நகரும் வீடுகளையும் கொடுத்தது. உள்ளே போனவர்களுக்குக் கண் எரிந்தது, மூச்சுத் திணறியது, மூக்கில் ரத்தம் வந்தது. ஒட்டுப்பலகைகளின் பசையிலிருந்து கசிந்த ஃபார்மால்டிஹைடு வாயுதான் காரணம் என்று புகார்கள் குவிந்தன. நோய்த் தடுப்பு மையம் 519 வண்டிகளைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டது. சராசரி அளவு நூறு கோடியில் 77 பங்கு. சாதாரண அமெரிக்க வீடுகளில் இருப்பதைவிட அதிகம். நகரும் வீடுகளில் பயன்படும் பலகைக்கு வீட்டு வசதித் துறையின் ஃபார்மால்டிஹைடு வரம்பு 1980களிலிருந்தே இருந்தது. ட்ராவல் ட்ரெய்லருக்கு அது பொருந்தவில்லை. காரணம், சட்டத்தின் கண்ணில் அது வீடு அல்ல, வண்டி. லெமன் சட்டத்தில் வீடு என்று விலக்கப்பட்ட அதே நான்கு சுவர், இங்கே வண்டி என்று விலக்கப்பட்டது.

அவற்றில் வசித்தவர்கள் தொடுத்த வழக்கில் 2012இல் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றம் 4.26 கோடி டாலர் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தது. 2010இல் பலகைகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஆனால் அந்த ட்ரெய்லர்கள் எங்கே போயின? அரசே ஏலம் விட்டது. வசிக்க ஏற்றதல்ல என்ற ஒட்டுச்சீட்டோடு விற்றார்கள். சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி விற்றவர்கள் இருந்தார்கள். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்தபோது கடற்கரையைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளர்கள் அவற்றில் தங்கவைக்கப்பட்டார்கள்.

என் முடிவு இதுதான். யாருடைய பெயர் முகப்பில் இருக்கிறதோ அவரே சக்கரம் முதல் கூரை வரை முழு வண்டிக்கும் பொறுப்பாக வேண்டும். ஃப்ரிட்ஜ் செய்தவரோடு கணக்குத் தீர்ப்பது அவர் பாடு, வாங்கியவர் பாடு அல்ல. இது எட்டாத கனவு என்று நினைக்க வேண்டாம். நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உற்பத்தியாளர் என்பதற்கான விளக்கத்தைப் பாருங்கள். பொருளைச் செய்பவர் மட்டுமல்ல, பிறர் செய்த பாகங்களைப் பொருத்துகிறவரும், பிறர் செய்த பொருளில் தன் முத்திரையைப் பதிப்பவரும் உற்பத்தியாளரே. அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார் செய்பவர் தான் குடியிருக்கும் ஊர் ஆணையத்திலேயே வழக்குத் தொடர அனுமதிக்கிறது. நம் ஆணையங்களில் தாமதம் உண்டு, காலியிடங்கள் உண்டு, அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. இருந்தாலும் இந்த இரண்டு வரிகள் அமெரிக்காவின் ஆர்வி வாங்கியவர்களுக்கு இல்லாத வரிகள். கேரவன் சுற்றுலாவுக்கு நம் நாட்டில் கொள்கைகள் வகுக்கப்படும் இந்த நேரத்தில், வசிக்கும் பகுதி, ஓடும் பகுதி என்ற பிளவை இங்கே யாரும் நுழைக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலைமுறை வழக்கறிஞர்களுடையது.

கடைசியாக, அமெரிக்காவில் பிள்ளைகளும் உறவினரும் இருப்பவர்கள் இந்த அவையில் நிறைய இருக்கிறீர்கள். அவர்களில் யாராவது ஆர்வி வாங்க நினைத்தால் இதைச் சொல்லுங்கள். பணம் கட்டுவதற்கு முன் டீலரைச் சாராத ஒரு ஆய்வாளரை வைத்துக் கூரை முதல் கேஸ் குழாய் வரை பார்க்கச் சொல்லுங்கள். வாரண்டிக் கையேட்டைக் கையெழுத்துக்கு முன் கேட்டு வாங்கி, எந்த மாநில நீதிமன்றம் என்று இருக்கிறதா, நிரந்தர வசிப்புக்கு விலக்கு இருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லுங்கள். வண்டி எண்ணைப் போட்டுப் பாதுகாப்புக்கான ரீகால் ஏதும் உண்டா என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் பார்க்கலாம். ரீகால் பழுதைக் கம்பெனி கட்டணமின்றிச் சரிசெய்தாக வேண்டும். பழுதை வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். டீலரிடம் மட்டும் அல்ல, கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். வக்கீலைக் கேட்காமல் கடன் தவணையை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு முறை பட்டறைக்குப் போனபோதும், உள்ளே விட்ட தேதி, வெளியே எடுத்த தேதி, சொன்ன பழுது மூன்றும் எழுதிய ஜாப் கார்டின் நகல் கையில் இல்லாமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.